இடுப்பு அழற்சி நோய்

இடுப்பு அழற்சி நோய் என்பது பெண்ணின் மேல் இனப்பெருக்க உறுப்புகளான கருப்பை, கருக்குழாய்கள், சினைப்பைகள் ஆகியவற்றில் கிருமித் தொற்றால் ஏற்படும் அழற்சி ஆகும். சில வேளைகளில் இவ்வுறுப்புகளைச் சூழ்ந்துள்ள வயிற்று உள்ளுறைக்கும் அது பரவும். பெயரில் 'இடுப்பு' என்று இருந்தாலும் இது இடுப்பெலும்பையோ முதுகையோ பற்றிய நோயன்று. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அமைந்துள்ள உறுப்புகளின் நோயாகும். பெரும்பாலும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களையே இது பாதிக்கிறது.

தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளால் இத்தொற்றைக் குணப்படுத்த முடியும். ஆனால் தொற்று நீடித்த நாட்களில் கருக்குழாயில் ஏற்பட்டுவிட்ட தழும்பை எந்த மருந்தாலும் நீக்க முடியாது. குழந்தையின்மை, கருப்பைக்கு வெளியே கரு வளர்தல், நாட்பட்ட அடிவயிற்று வலி ஆகியவை இத்தழும்பின் விளைவுகளாகும். ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறது என்பது மிக முக்கியமானது.

நோய் உண்டாகும் விதம்

யோனியில் இயல்பாகவே பலவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கருப்பை வாயும் அதை அடைத்துள்ள கெட்டியான சளியும் இவை மேலே செல்லாதவாறு தடுக்கின்றன. பால்வினை நோய்க் கிருமிகள் கருப்பை வாயைத் தாக்கும்போது இத்தடுப்பு பலவீனமடைகிறது. கிருமிகள் முதலில் கருப்பையின் உட்சுவரையும், பிறகு கருக்குழாய்களையும், அங்கிருந்து சினைப்பைகளையும் வயிற்று உள்ளுறையையும் அடைகின்றன.

கருக்குழாயின் உட்பரப்பில் மயிரிழை போன்ற நுண்ணிழைகள் உள்ளன. இவை அசைந்து அசைந்தே கருமுட்டையைக் கருப்பையை நோக்கி நகர்த்துகின்றன. அழற்சியால் இவ்விழைகள் அழிந்தாலோ, குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ முட்டையின் பயணம் தடைபடுகிறது. குழாய் முழுதும் அடைபட்டால் கருத்தரிப்பு நிகழாது. பாதி அடைபட்டால் கருவுற்ற முட்டை வழியிலேயே தங்கிக் குழாயிலேயே வளரத் தொடங்கலாம்.

நோய்க் காரணிகள்

கிளமிடியா, கொனோரியா (மேகவெட்டை) ஆகிய இரு பால்வினை நோய்களின் கிருமிகளே நீண்ட காலமாக முதன்மைக் காரணிகளாகக் கருதப்பட்டு வந்தன. ஆனால் அண்மைக் கால ஆய்வுகளில், நோயுற்ற பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களிடமே இவ்விரண்டில் ஒன்று காணப்படுகிறது. மைக்கோபிளாசுமா செனிட்டாலியம் என்னும் கிருமியும், யோனியில் வாழும் காற்றில்லா நுண்ணுயிர்களும், குடலைச் சார்ந்த பாக்டீரியாக்களும் இந்நோயை உண்டாக்கக்கூடும். பல வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் சேர்ந்தே காணப்படுகின்றன.

இதனால், இந்நோய் வந்துள்ளது என்பதை மட்டும் வைத்துப் பெண்ணின் நடத்தையையோ கணவனின் நடத்தையையோ பற்றி முடிவுக்கு வர முடியாது. பால்வினைத் தொற்று இல்லாமலும் இது வரலாம். ஒரே ஒருவருடன் மட்டும் உறவு கொண்ட பெண்ணுக்கும், அவருடைய இணையர் அறிகுறியின்றிக் கிருமியைச் சுமந்திருந்தால், தொற்று வரலாம். கிளமிடியா பல மாதங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கியிருக்கும் தன்மை கொண்டது என்பதால், அது எப்போது தொற்றியது என்று கணிப்பதும் எளிதன்று.

இடர்க் காரணிகள்

கீழ்க்காணும் நிலைகளில் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

வயது: பாலுறவில் ஈடுபடும் 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இடர் அதிகம். இளம் வயதில் கருப்பை வாயின் வெளிப்பக்கத்தில் எளிதில் தொற்றக்கூடிய உயிரணுக்கள் கூடுதலாக வெளிப்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணம்.

இணையர்: பல இணையர் இருத்தல், புதிய இணையர், வேறு உறவுகள் உள்ள இணையர், ஆணுறை பயன்படுத்தாமை.

முந்தைய தொற்று: முன்பே இந்நோயோ வேறு பால்வினை நோயோ வந்திருத்தல். ஒருமுறை பாதிக்கப்பட்ட கருக்குழாய் மறுமுறை எளிதில் பாதிக்கப்படுகிறது.

யோனி நுண்ணுயிர்ச் சமநிலை கெடுதல்: யோனியைக் காக்கும் லாக்டோபாசில்லசு வகை நுண்ணுயிர்கள் குறைந்து, காற்றில்லா நுண்ணுயிர்கள் பெருகும் நிலை. மீன் வாடை கொண்ட வெள்ளைப்படுதல் இதன் அடையாளம்.

யோனிக்குள் நீரையோ கிருமிநாசினியையோ பீய்ச்சிக் கழுவுதல்: தூய்மைக்காகச் செய்யப்படும் இவ்வழக்கம் நன்மை தரும் நுண்ணுயிர்களை அகற்றிவிடுகிறது. புறவுறுப்பை நீரால் கழுவுவதே போதுமானது.

கருப்பை வாய் திறக்கப்படும் நிலைகள்: மகப்பேறு, கருச்சிதைவு, கருப்பைக்குள் கருவி செலுத்திச் செய்யும் சிகிச்சைகள். சுகாதாரமற்ற முறையில், பயிற்சியற்றவர்களால் செய்யப்படும் கருக்கலைப்பு கடுமையான தொற்றை உண்டாக்கும்.

காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனங்களைப் பற்றிய அச்சம் பரவலாக உள்ளது. பொருத்தப்பட்ட முதல் மூன்று வாரங்களில் மட்டுமே இடர் சற்றுக் கூடுகிறது. பொருத்தும் வேளையில் ஏற்கெனவே கருப்பை வாயில் இருக்கும் தொற்று மேலே தள்ளப்படுவதே இதற்குக் காரணம். அக்காலம் கடந்தபின் இடர் மிகக் குறைவு. பெண்களுக்கான குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. ஆயினும் வரவே வராது என்று கூற முடியாது.

அறிகுறிகள்

அடிவயிற்றின் இருபக்கமும் உள்ள மந்தமான வலி முதன்மையான அறிகுறியாகும். இது மாதவிடாயின்போதோ அதையடுத்த நாட்களிலோ தொடங்கலாம். பாலுறவின்போது ஆழத்தில் வலி, நிறமோ வாடையோ மாறிய வெள்ளைப்படுதல், மாதவிடாய்களுக்கு இடையிலும் பாலுறவுக்குப் பின்னும் குருதிக் கசிவு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவையும் காணப்படலாம். கடுமையான நிலையில் காய்ச்சல், வாந்தி, நிமிர்ந்து நடக்க முடியாத அளவு வயிற்று வலி ஆகியவை தோன்றும்.

சிலருக்குத் தொற்று வயிற்று உள்ளுறை வழியாகப் பரவிக் கல்லீரலின் மேலுறையைத் தாக்கும். அப்போது வலது விலாவுக்குக் கீழே வலி ஏற்படும். இது ஃபிட்சு-இயூ–கர்ட்டிசு கூட்டறிகுறி எனப்படுகிறது. பித்தப்பைக் கோளாறு என்று இதைத் தவறாக எண்ணுவதுண்டு.

ஆனால் பலருக்கு அறிகுறிகள் மிக லேசாகவே இருக்கும்; சிலருக்கு எதுவுமே இராது. குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போது கருக்குழாய் அடைபட்டிருப்பது தெரிந்து, தமக்கு எப்போதோ இந்நோய் வந்து போயிருக்கிறது என்பதை முதன்முதலாக அறியும் பெண்களும் உள்ளனர். தமிழகத்தில் வெள்ளைப்படுதலையும் அடிவயிற்று வலியையும் 'உடல் சூடு' என்று கொண்டு, வீட்டு வைத்தியத்தோடு நாட்களைக் கடத்தும் வழக்கம் உண்டு. நிறமற்ற, வாடையற்ற, அரிப்பில்லாத வெள்ளைப்படுதல் இயல்பானதே. அதனோடு அடிவயிற்று வலி சேர்ந்திருந்தால் அது சூட்டினால் வந்தது என்று விட்டுவிடத்தக்கது அன்று.

நோய் கண்டறிதல்

இந்நோயை உறுதி செய்யும் ஒற்றைச் சோதனை எதுவும் இல்லை. மருத்துவர் அறிகுறிகளைக் கேட்டறிந்து, உள் பரிசோதனை செய்து முடிவெடுக்கிறார். அடிவயிற்று வலியுள்ள இளம்பெண்ணுக்கு வேறு காரணம் புலப்படாத நிலையில், கருப்பை வாயை அசைக்கும்போதோ, கருப்பையை அழுத்தும்போதோ, அதன் பக்கவாட்டில் அழுத்தும்போதோ வலி இருந்தால், இம்மூன்றில் ஒன்று இருப்பினும், சிகிச்சையைத் தொடங்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. சிலருக்குத் தேவையில்லாமல் மருந்து கொடுக்க நேரிடலாம் என்பது இதன் குறை. நோயுள்ள ஒருவரைத் தவறவிட்டால் ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரிது என்பதால் இக்குறை ஏற்கப்படுகிறது.

38.3 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், கருப்பை வாயில் சீழ் கலந்த சளி, யோனித் திரவத்தில் மிகுதியான வெள்ளை அணுக்கள், குருதியில் உயர்ந்த அழற்சிக் குறியீடுகள் ஆகியவை இம்முடிவுக்கு வலுச் சேர்க்கும். கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஆனால் அவை இல்லை என்று முடிவு வந்தாலும் நோய் இல்லை என்றாகிவிடாது. எச்.ஐ.வி., சிபிலிசு பரிசோதனைகளும் பரிந்துரைக்கப்படுகின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாயில் வளரும் கருவும் இதே போன்ற வலியைத் தரும். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. குடல்வால் அழற்சி, சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொள்ளுதல், சிறுநீர்த் தொற்று, கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளரும் நோய் ஆகியவற்றையும் பிரித்தறிய வேண்டும். ஸ்கேன் எனப்படும் மீயொலிப் படம் கருக்குழாய் வீங்கியிருப்பதையும் சீழ்க்கட்டி இருப்பதையும் காட்டும். தொடக்க நிலையில் படம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஐயம் தீராதபோது தொப்புள் அருகே சிறு துளையிட்டு உட்காண் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி உதவும்.

இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயையும் கருத வேண்டியுள்ளது. இது கருக்குழாய்களையே முதலில் தாக்குகிறது. வலி குறைவாகவும், மாதவிடாய் குறைந்தும், நீண்ட நாட்கள் நீடிப்பதாகவும் இருக்கும். வழக்கமான மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதபோது கருப்பை உட்சுவரிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பர். இதற்குக் காசநோய்க்கான கூட்டு மருந்துகள் குறைந்தது ஆறு மாதங்கள் தேவைப்படும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை

அறிகுறி தோன்றும் முன்னரே கிருமியைக் கண்டுபிடித்து அழித்தால் அது மேலே ஏறாமல் தடுக்கலாம் என்பதே முன்பரிசோதனையின் அடிப்படை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பாலுறவில் ஈடுபடும் 24 வயது வரையுள்ள பெண்கள் அனைவருக்கும், அதற்கு மேற்பட்ட வயதினரில் இடர் கூடியவர்களுக்கும் கிளமிடியா, கொனோரியா பரிசோதனை செய்யப்பட வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் இச்சோதனைக்குச் சிறுநீரோ, பெண் தானே பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரும் யோனித் திரவமோ போதும்.

இதன் பயன் குறித்த இரு ஆய்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வில், கிளமிடியா பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே ஓராண்டுக்குள் இடுப்பு அழற்சி நோய் பாதிக்கும் குறைவாகியது. லண்டன் கல்லூரி மாணவியர் 2,529 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில் கிடைத்த பயன் இதைவிடக் குறைவு. உடனே பரிசோதித்துச் சிகிச்சை பெற்ற குழுவில் 1.3 விழுக்காட்டினருக்கும், மாதிரி ஓராண்டுக்குப் பின்பே பரிசோதிக்கப்பட்ட குழுவில் 1.9 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வின் தொடக்கத்தில் கிளமிடியா இல்லாதவர்கள். ஒருமுறை பரிசோதித்து 'தொற்றில்லை' என்று அறிவது நிரந்தரப் பாதுகாப்பாகாது என்பதையும், புதிய இணையர் அமையும்போது மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது.

சிகிச்சை

பரிசோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கப்படுகிறது. எந்தக் கிருமி என்று முன்கூட்டித் தெரியாததால், பலவகைக் கிருமிகளையும் அழிக்கும் கூட்டு மருந்துகள் தரப்படுகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதலில் புறநோயாளிகளுக்கான முறை பின்வருமாறு: செஃப்ட்ரையாக்சோன் 500 மில்லிகிராம் தசை ஊசியாக ஒரு முறை, அதனுடன் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் ஆகியவை நாளுக்கு இருவேளையாக 14 நாட்கள். முதல் மருந்து கொனோரியாவையும், இரண்டாவது கிளமிடியாவையும், மூன்றாவது காற்றில்லா நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. ஒவ்வாமை, கர்ப்பம், பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து மருந்தும் அளவும் மாறும் என்பதால், மருந்துக்கடையில் தானாக வாங்கி உட்கொள்வது தவறு.

வலி பெரும்பாலும் சில நாட்களிலேயே குறைந்துவிடும். அப்போது மருந்தை நிறுத்திவிடுவது அடிக்கடி நேரும் பிழை. 14 நாட்களும் முழுமையாக உட்கொண்டால்தான் தொற்று முற்றிலும் நீங்கும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகும். அம்மருந்து உட்கொள்ளும் நாட்களில் கடும் வெயிலைத் தவிர்ப்பது நல்லது. மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையையும் குமட்டலையும் தரலாம்.

சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை மீண்டும் காண வேண்டும். அதற்குள் முன்னேற்றம் இல்லையெனில் நோயறிதலை மறு ஆய்வு செய்ய வேண்டும். காப்பர்-டி பொருத்தியிருப்பவர்களுக்கு அதை உடனே அகற்றத் தேவையில்லை. இரண்டு மூன்று நாட்களில் முன்னேற்றம் காணாதபோது அகற்றுவது பற்றி முடிவெடுக்கலாம்.

மருத்துவமனையில் சேர்த்தல்

கர்ப்பிணிகள், சினைப்பை அல்லது கருக்குழாயில் சீழ்க்கட்டி உள்ளவர்கள், கடும் காய்ச்சலும் வாந்தியும் உள்ளவர்கள், மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்கள், குடல்வால் அழற்சி போன்ற அவசர அறுவை தேவைப்படும் நோய் இருக்குமோ என்ற ஐயம் உள்ளவர்கள் ஆகியோரை உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழியாக மருந்து தர வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவது போதுமானது. லேசான, நடுத்தர நோயுள்ள 831 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், உள்நோயாளிகளுக்கும் புறநோயாளிகளுக்கும் பின்னாளில் கருத்தரித்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மருந்துக்குக் கரையாத பெரிய சீழ்க்கட்டியை ஊசி வழியாகவோ அறுவை மூலமோ வெளியேற்றுவர். கட்டி வெடித்தால் அவசர அறுவை தேவை.

இணையருக்கான சிகிச்சை

அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் பெண்ணுடன் உறவு கொண்டவர் பரிசோதிக்கப்பட்டு, கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் சிகிச்சை பெற வேண்டும். ஆணுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதிருப்பது அவருக்குத் தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. மனைவி மட்டும் மருந்து உட்கொண்டு, கணவன் சிகிச்சை பெறாமல் இருந்தால் தொற்று திரும்பி வரும். இருவரும் சிகிச்சையை முடித்து அறிகுறிகள் நீங்கும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். கிளமிடியா அல்லது கொனோரியா உறுதியானவர்கள் மூன்று மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பின்விளைவுகள்

இந்நோயின் பின்விளைவுகளைப் பற்றிய அறிவுக்குச் சுவீடனின் லுண்ட் நகரில் நடந்த ஆய்வு பெரிதும் உதவியது. 1960 முதல் 1984 வரை உட்காண் கருவியால் நோய் உறுதி செய்யப்பட்ட 1,844 பெண்களை லார்ஸ் வெஸ்ட்ரோம் குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். ஒருமுறை நோய் வந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தவர்களில் 19.5 விழுக்காட்டினருக்கும், மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் கருக்குழாய்ப் பாதிப்பால் குழந்தையின்மை ஏற்பட்டிருந்தது. நோய்க்குப் பின் முதன்முறை கருத்தரித்தவர்களில் 9.1 விழுக்காட்டினருக்குக் கரு கருப்பைக்கு வெளியே வளர்ந்தது. நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் இது 1.4 விழுக்காடு மட்டுமே.

லுண்ட் நோயாளிகளைப் பற்றியே 1993-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அறிகுறி தொடங்கி மூன்று நாட்களோ அதற்கு மேலோ தாமதித்து மருத்துவரிடம் வந்தவர்களுக்குக் குழந்தைப்பேறு பாதிக்கப்படும் வாய்ப்பு, விரைந்து வந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது.

இவ்வெண்கள் நம்பிக்கைக்கும் இடம் தருகின்றன. ஒருமுறை நோய் வந்து முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இயல்பாகவே தாய்மை அடைகின்றனர். கருக்குழாய் அடைபட்டவர்களுக்கும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறை வழி உண்டு. ஆனால் இந்நோய் வந்து போனவர்கள் கருத்தரித்தவுடனே ஸ்கேன் செய்து, கரு கருப்பைக்குள்தான் உள்ளதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

இந்தியாவில் கிடைக்கும் சேவைகள்

ஆய்வக வசதி இல்லாத இடங்களிலும் சிகிச்சை தாமதமாகாமல் இருக்க, அறிகுறிகளின் அடிப்படையில் மருந்து தரும் முறையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடைமுறைப்படுத்தியது. இதில் ஒவ்வொரு அறிகுறித் தொகுதிக்கும் ஒரு நிறம் கொண்ட மருந்துப் பொதி உண்டு. அடிவயிற்று வலிக்கு உரியது மஞ்சள் நிறமுடைய ஆறாம் எண் பொதி. அதில் செஃபிக்சிம், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகிய மூன்றும் அடங்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் இயங்கும் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில் ஆலோசனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. நோயாளியின் விவரங்கள் இரகசியமாக வைக்கப்படுகின்றன.

உள் பரிசோதனை குறித்த கூச்சமும், 'கல்யாணமாகாத பெண் எதற்கு வந்தாள்' என்ற கேள்வி பற்றிய அச்சமும் பெண்களைத் தாமதிக்க வைக்கின்றன. பரிசோதனையின்போது பெண் செவிலியரோ உறவினரோ உடனிருக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை. திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு உள்ளது உள்ளபடி விடை கூறுவது சரியான சிகிச்சைக்கு உதவும்.

தடுப்பு

ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்துதல், புதிய உறவுக்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்ளுதல், தொற்று கண்டால் இருவரும் சேர்ந்து சிகிச்சை பெறுதல் ஆகியவை முதன்மையான தடுப்பு வழிகள். காப்பர்-டி பொருத்தும் முன் கருப்பை வாயில் தொற்று உள்ளதா என்று பார்க்க வேண்டும். மகப்பேற்றுக்கோ கருச்சிதைவுக்கோ பின் காய்ச்சல், வாடையுள்ள கசிவு, அடிவயிற்று வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை கருத்தரிப்பைத் தடுக்குமே தவிரத் தொற்றைத் தடுக்காது.

அடிவயிற்று வலியோடு வாந்தியோ, கடும் காய்ச்சலோ, மயக்கமோ இருந்தாலும், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நிலையில் வலி வந்தாலும் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். வலி லேசாக இருந்து இரண்டு நாட்களுக்கு நீடித்தாலும் பரிசோதனை செய்துகொள்வது கருக்குழாய்களைக் காக்கும்.